பதினோராயிரம் சின்னக் குறைகள்

அவர் படுத்துப் பார்க்காத மெத்தை கிடையாது, தங்காத விடுதி கிடையாது, பிடுங்கிக்கொள்ளாத கடைவாய்ப் பல் கிடையாது. எல்லாமே ஒரே சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி. எட்டு வருடம் ஒரு கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. வாங்காத பொருளை வாங்கியதாகவும், போகாத இடத்துக்குப் போனதாகவும் இணையத்தில் கருத்து எழுதுவார். கீழே ஐந்து நட்சத்திரம், சில நாள் நான்கு. அட, பொய்தானே என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்களும் நானும் குக்கர் வாங்கும்போது அதைப் படித்துவிட்டுத்தானே வாங்கினோம்!

அங்கே மற்றவர்கள் எழுதியதெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டு அழிந்துவிடும். "அற்புதம்! அபாரம்! கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்!" என்று கூவினால் எவன் நம்புவான்? இவர் எழுதியது மட்டும் வருடக்கணக்கில் அசையாமல் நின்றது. காரணம் ஒன்றே ஒன்று. எதைப் புகழ்ந்தாலும் கடைசியில் ஒரு சின்னக் குறை வைப்பார். "மெத்தை நன்றாக இருக்கிறது, முதுகுவலி போயே போய்விட்டது. ஆனால் கொண்டுவந்து போட்டவர் பழைய மெத்தையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்." "டாக்டர் கை பட்டதே தெரியவில்லை. ஆனால் காத்திருக்கும் அறையில் மின்விசிறி கிறீச்சிடுகிறது, தலைவலி வந்துவிட்டது." படித்தவர்கள் இதை எழுதியது ஒரு நிஜ மனுஷி என்று நம்பினார்கள்.

முதலாளி ஒருநாள் தோளில் தட்டி, "யோவ், எங்கேருந்துய்யா உனக்கு மட்டும் இப்படிக் குறை குறையா வருது?" என்று கேட்டார். அன்றிலிருந்து இவருக்கு அதுவே பெயராகிவிட்டது. குறை சார். இவரும் சிரித்து வைத்தார். எங்கிருந்து வருகிறது என்று மட்டும் மூச்சுவிடவில்லை.

வேறெங்கிருந்து வரும்? வீட்டிலிருந்துதான்.

அவர் மனைவி ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டையை விளக்கடியில் விரித்து, காலர், கை, பொத்தான், ஓரம் என்று விரலால் தடவிப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. இருபத்திரண்டு வருடம். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாளா? வாயாலேயே ஸ்டிக்கர் ஒட்டுவாள். "புதுத் திரைச்சீலை நல்லா இருக்குங்க, வெளிச்சம் அளவா வருது. ஆனா இடது பக்கம் ஒரு விரல் ஏறி நிக்குது." "உங்க அக்கா வந்தது சந்தோஷம்தான், மனசு விட்டுப் பேசினாங்க. ஆனா வந்ததுலேருந்து போற வரைக்கும் கைப்பையை மடியை விட்டு இறக்கல, பாத்தீங்களா?" கல்யாணமான புதிதில் இவரைப் பற்றியே இவரிடம் சொன்னாள்: "நீங்க தங்கமானவருதான். ஆனா நான் பேசும்போது உங்க கண்ணு எங்கேயோ இருக்கு. நான் சொல்றது எதாவது காதுல விழுதா?"

விழுந்தது. ஒன்று விடாமல் விழுந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தத் திரைச்சீலை ஏதோ ஒரு கடலோர விடுதியின் ஜன்னலில் தொங்கும், அந்தக் கைப்பை ஒரு வாடிக்கையாளரின் மடியில் ஏறும். மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. ‘விளம்பரம் எழுதுற வேலை’ என்று அவர் சொல்லியிருந்தார், அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

எட்டு வருடம் இதையே செய்தால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. மரத்துப்போகும், அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் வாக்கியம் முன்னால் வந்து நிற்கும், மனசு பின்னாலேயே தங்கிவிடும். அப்பா இறந்த அன்று வீட்டு முற்றத்தில் கூட்டம் நிறைந்திருக்க, இவர் தலைமாட்டில் நின்றார். உள்ளே ஓடியது என்ன தெரியுமா? ‘ஏற்பாடுகள் சிறப்பு. ஆனால் வண்டி நிறுத்த இடமில்லை.’ குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுது பார்த்தார். வரவில்லை. முகத்தை ஈரமாக்கிக்கொண்டு வெளியே வந்தார். நாக்குக்குக்கூட ருசி போய்விட்டது. உப்பில்லாமல் போட்டாலும் சாப்பிடுவார், உப்பை அள்ளிப் போட்டாலும் சாப்பிடுவார். டாக்டரிடம் போகும் அளவுக்கு அதில் அவருக்கு அக்கறை இல்லை.

ஒருநாள் அரசாங்கத்து ஆட்கள் வந்து கம்பெனியைப் பூட்டினார்கள். கணினிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் இருந்தவை கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு பேராசிரியர் போலிக் கருத்துகளைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் செய்துகொண்டிருந்தார். அவரே இவரைத் தேடி வந்தார்.

"எங்க புரோகிராம் உங்க ஆபீஸ்ல எல்லாரையும் புடிச்சிடுது சார். உங்களை மட்டும் புடிக்க முடியல. பதினோராயிரம் எழுதியிருக்கீங்க, ஒண்ணுகூட மாட்டல. வந்து சொல்லிக்குடுங்க."

இரண்டு வருட வேலை. குறை சார் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லும்படி அவருக்கு ஒன்றும் தோன்றவுமில்லை. முதல் நாளே கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் சொன்ன முதல் பாடம் இது: "குறையே சொல்லாத புகழ்ச்சி பொய் சார். எல்லாம் நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, அவர் அந்தப் பொருளைப் பாக்கவே இல்லன்னு அர்த்தம்." பேராசிரியர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "அது சரி, உங்க குறையெல்லாம் இவ்வளவு இயல்பா இருக்கே, எப்படி வருது?" என்று கேட்டார்.

"சும்மா தோணும் சார்."

இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. ‘என் மனைவி பேசுவது’ என்று அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். வெட்கம்கூட இல்லை. சொல்வது ஒரு வேலை மாதிரி இருந்தது, அதனால் சொல்லவில்லை.

அவருக்குக் கொடுத்த அறை மூன்றாவது மாடி மூலையில் இருந்தது. ஜன்னல் கிடையாது, ஏசி மட்டும் ஓயாமல் உறுமும். அந்தக் குளிர் இவருக்காக அல்ல, எதிர் மேசை அம்மாளின் கருவிகளுக்காக. அவர் குறைந்த மின்சாரத்தில் ஓடும் கணினி மெமரியைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். எல்லோரும் மெமரி மேடம் என்பார்கள். இரண்டு ஆராய்ச்சிக்கும் ஒரே நிதி. போலியைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் போனுக்குள்ளேயே ஓட வேண்டும், ஆனால் பேட்டரியைத் தின்னக்கூடாது என்பது ஏற்பாடு. மேடம் வாயாடி. சால்வையைப் போர்த்திக்கொண்டு, தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி பாடம் நடத்துவார்.

"மெமரின்னு பேருதான் சார், சுத்த மறதி அது. எழுதி வெச்சதை ஒரு நொடிகூட ஒழுங்கா வெச்சிருக்காது. நொடிக்குப் பதினஞ்சு தடவை திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டே இருந்தாத்தான் நிக்கும். கரண்டெல்லாம் அதுக்குத்தான் போகுது. நான் என்ன பண்றேன்னா, முக்கியமானதை மட்டும் அடிக்கடி எழுதுறேன். மத்ததை எப்பவாவது. மங்கினா மங்கட்டும்."

"எது முக்கியம்னு யார் சொல்றது?"

"புரோகிராமே சொல்லும். எதை வெச்சு நிறையப் போலியைப் புடிக்குதோ அதுதான் முக்கியம்." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உண்மையச் சொல்லட்டுமா குறை சார்? உங்க முகத்தைப் பாத்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்துது. எதையும் திரும்ப எழுதாம எவ்வளவு சிக்கனமா ஓடுறீங்க!"

குறை சார் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தார்.

ஒன்றரை வருடத்தில் புரோகிராம் தயாரானது. இவருடைய பதினோராயிரத்தையும் தின்று தீர்த்து, கடைசியில் இவரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. மேடம் அதைப் போனுக்குள் அடங்கும்படி இளைக்க வைத்தார். புகழ்ச்சிக்குப் பின்னால் வீட்டு வாடையோடு வரும் ஒரு சின்னக் குறை, இதுதான் எல்லாவற்றையும்விட நன்றாகக் காட்டிக்கொடுத்தது. அதனால் அந்த அடையாளத்தை மட்டும் அடிக்கடி எழுதும் பகுதியில் வைத்தார். நிஜமாகவே பொருளை வாங்கினாரா, எந்தத் தேதியில், முன்னால் எத்தனை எழுதியிருக்கிறார் என்ற விவரமெல்லாம் மங்கும் பகுதிக்குப் போயின. மின்சாரம் கால்வாசி ஆகிவிட்டது. பிடிக்கும் திறமையோ குறையவே இல்லை. ஒரு பெரிய விற்பனைத் தளம், புதிதாக வரும் கருத்துகளுக்கு மட்டும் என்று, சோதனைக்கு எடுத்துக்கொண்டது. துறையில் கேக் வெட்டினார்கள். இந்த ஆராய்ச்சிக் கட்டுரை மாநாட்டுக்குப் போகிறது, அது ஏற்கப்பட்டால் குறை சாருக்கு இன்னும் மூன்று வருடம் வேலை உறுதி என்று பேராசிரியர் கைகுலுக்கினார். ஐம்பத்து மூன்று வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? நல்ல செய்திதான் என்று குறை சார் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இப்போது மனைவியின் காதுக்கு வருவோம்.

இருபத்திரண்டு வருடம் நூற்றைம்பது தையல் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவள். வலது காது மெல்ல மெல்ல மந்தமாகிவிட்டது. காதில் மாட்டும் மெஷின் வாங்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"இங்க வாங்களேன். எல்லாரும் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்காங்க, ஒண்ணையும் நம்ப முடியல. ஆனா இந்தப் பொம்பள எழுதினதப் பாருங்க. ‘காது தெளிவாகக் கேட்கிறது, கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் டப்பாவின் மூடி சரியான இறுக்கம், நகம் உடைந்துவிட்டது.’ இவ உண்மையா வாங்கினவ. நகம் போச்சாம், பாவம். இந்தக் கடையிலேயே வாங்கிடலாங்க."

குறை சாருக்கு அந்த மூடி தெரியும். அது காபித் தூள் டப்பாவின் மூடி. உடைந்தது இவளுடைய நகம்தான். வலது கை மோதிர விரல், ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. அதை மறுநாளே ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காது மெஷின் டப்பாவுக்கு மாட்டிவிட்டவர் சாட்சாத் இவர்தான்.

"ம்" என்றார்.

அந்த ஒரு ‘ம்’முக்காக அவரை நாலு அறை அறைந்தால் தகும்! ‘வேண்டாம், வேறு கடை பார்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல பொருளுக்கும்தானே நாங்கள் பொய் எழுதினோம், இது நல்லதாகவே இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

தளத்தில் பணம் கட்டி, கடைக்கே போய் மெஷினை மாட்டிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாம் நாள், வேலைக்கு நடுவில், காதுக்குப் பின்னால் சூடேறி தோலைப் பொசுக்கிவிட்டது. ஒரு காசு அகலத்துக்குக் கொப்புளம். அன்று மாலை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக இணையத்தில் கருத்து எழுதினாள். ஒற்றை விரலால், முக்கால் மணி நேரம்.

"கடைக்காரர் தன்மையாகப் பேசினார், உட்கார நாற்காலி கொடுத்தார். மெஷின் போட்ட அன்றைக்கு என் வீட்டுக் கடிகாரம் ஓடும் சத்தத்தைப் பல வருடம் கழித்துக் கேட்டேன், சந்தோஷமாக இருந்தது. ஆனால் இது சூடாகிக் காதைச் சுட்டுவிட்டது."

மறுநாள் அது காணோம். ‘இந்தக் கருத்து உண்மையான வாடிக்கையாளருடையதாகத் தெரியவில்லை’ என்று ஒரு வரி வந்திருந்தது. திரும்ப எழுதினாள். திரும்ப அழிந்தது. மூன்றாவது தடவை கணக்கையே முடக்கிவிட்டார்கள். கடைக்கு நேரில் போனாள். தன்மையாகப் பேசிய அதே கடைக்காரர் இப்போது நாற்காலி போடவில்லை. "அந்தத் தளமே உங்களைப் போலின்னு சொல்லிடுச்சும்மா. நீங்க எங்கேயாவது அடுப்பு பக்கத்துல வெச்சிருப்பீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒட்டின ஸ்டிக்கரை ஒருத்தர் பிச்சதில்லங்க. மானேஜர்கூட பிச்சதில்ல. இவன் யாரு பிச்சு எறியறதுக்கு? என் காதோட போனா பரவால்ல. நாளைக்கு ஒரு சின்னக் குழந்தை காதுல இதை மாட்டினா? நான் பொய்யாங்க? சொல்லுங்க, நான் பொய்யா?"

"முதல்ல சாப்பிடு" என்றார் குறை சார்.

மறுநாள் ஆராய்ச்சி அறையில், மேடம் தேநீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, மனைவி எழுதியதைப் புரோகிராமில் போட்டார். போலி, தொண்ணூற்றெட்டு சதவீதம். எழுதியவர் என்ற இடத்தில், புரோகிராம் இவருக்குக் கொடுத்திருந்த எண்ணே வந்து நின்றது. அது இவரைத்தான் பிடிக்கக் கற்றிருந்தது, இவர் என்பதோ அவள்தான். நிஜமாக வாங்கினாள் என்ற விவரம் மங்கும் பகுதியில் எங்கோ கலைந்து கிடந்தது. பின்னாலிருந்து மேடம் எட்டிப் பார்த்து, "அட, உங்க கைவரிசை. புதுசா எழுதினீங்களா?" என்றார். "ம்" என்றார் குறை சார். இது இரண்டாவது ‘ம்’.

இப்போது அவருக்கு எல்லாம் தெரியும். சொன்னால் மனைவியை நம்புவார்கள். கட்டுரை போகும், வேலை போகும், எட்டு வருடம் என்ன செய்தார் என்பது வீட்டில் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவள் பொய்க்காரியாகவே இருப்பாள். நான்கு நாள் அவர் இந்தக் கணக்கைப் பார்த்தார். தூக்கம்கூடக் கெடவில்லை. அதுதான் அவருக்கே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் மருந்து தடவியிருந்தாள். "நீங்க எழுதுற வேலை பாத்தவருதானே. அவங்க நம்புற மாதிரி ஒண்ணு எழுதிக்குடுங்களேன். உங்க போன்லேருந்து போடலாம்."

எழுதினார். எப்படி எழுதினால் தப்பும் என்று அவருக்கா தெரியாது? "மோசம்! படு மோசம்! ஏமாற்றுக்காரர்கள்! யாரும் வாங்காதீர்கள்!" என்று, அந்தக் காலத்தில் கம்பெனியில் கேலி செய்த அதே கூச்சலை எழுதினார். போட்டார். அழியவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் அழியவில்லை. பக்கத்தில் ‘நம்பகமானது’ என்று பச்சை அடையாளம்கூட வந்துவிட்டது.

அவள் போனை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இது நான் இல்லியேங்க" என்றாள். "அந்த ஆளு நாற்காலி குடுத்தாரு. முதல் நாள் கடிகாரச் சத்தம் கேட்டுது. அதைச் சொல்லாம விட்டா நான் சொல்ற குறையை எவன் மதிப்பான்? இது பொய். எடுத்துடுங்க."

"இதைத்தான் நம்புறாங்க."

"அவங்க நம்பறதுக்காக நான் பொய் சொல்லணுமா? எடுங்கன்றேன்!"

எடுத்தார். மறுநாள் காலை பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினார்.

சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பேராசிரியர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "நிரூபிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். குறை சார் ஆராய்ச்சி அறைக்கு வந்து தன் மேசையில் உட்கார்ந்து, மனைவி வீட்டில் சொன்னதையெல்லாம் ஞாபகத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார். திரைச்சீலை, கைப்பை, ஒழுகும் குழாய், பெண் பார்க்க வந்தபோது இவர் போட்டிருந்த சட்டையின் காலர். மதியத்துக்குள் முந்நூறு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் எந்த வருடம், எந்த அறையில், அவள் கையில் என்ன இருந்தது என்பதுவரை. புரோகிராம் முந்நூற்றில் இருநூற்றுத் தொண்ணூறைப் போலி என்றது.

மெமரி மேடம் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "முக்கியம்னு நான் பத்திரப்படுத்தினது ஒரு நிஜ மனுஷியோட பேச்சா!" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "எதையும் வெச்சுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன் சார். இவ்வளவையும் வெச்சிருக்கீங்களே."

குறை சார் அடுத்ததை அடிக்க ஆரம்பித்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். விற்பனைத் தளத்துக்குச் சொல்லி, அந்தப் புரோகிராமை நிறுத்தினார்கள். குறை சாரின் வேலை மாதக் கடைசியோடு முடிந்தது. பேராசிரியர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். மரியாதையாகவே நடந்துகொண்டார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வீட்டில் சொன்னது மாதக் கடைசிக்கு முந்தைய ஞாயிறு. சாப்பாட்டு மேசையில் அவள் மருத்துவமனைச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, இடது காதுக்குக் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எட்டு வருடம், பதினோராயிரம், எங்கிருந்து எடுத்தார், அவள் எழுதியதை ஏன் அழித்தார்கள், எல்லாம்.

"அந்த நகம் உடைஞ்ச பொம்பள?" என்றாள் கடைசியில்.

"நான்தான்."

"நான் படிச்சுக் காட்டினேனே. அப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிற்று. பிறகு கேட்டாள்: "அப்ப இத்தனை வருஷம் நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க?"

"ஒண்ணு விடாம."

"நான் செவுத்துக்கிட்டப் பேசறேன்னு நினைச்சிருந்தேன்" என்றாள். "செவுரா இருந்திருக்கலாம்." சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அதன் பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அவள் எழுதியதைத் தளத்தில் திரும்பப் போட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அதைப் படித்துவிட்டு இன்னும் நான்கு பேர் தங்கள் காதும் சுட்டதாக எழுதினார்கள். கடைக்காரர் வீட்டுக்கே வந்து வேறு மெஷின் மாட்டிவிட்டார், இது சூடாகவில்லை. தொழிற்சாலையில் அவள் பழையபடி எண்ணூறு சட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

வீட்டில் மட்டும் ஒட்டவில்லை.

குறை சாருக்கு அது முதலில் உறைக்கவில்லை. வேலை இல்லாததால் சமையலை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை அவள் வந்து, கை கழுவி, உட்கார்ந்தாள். பரிமாறினார். அவள் சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அவர் காத்திருந்தார். முப்பது வருடப் பழக்கம், பாதி வாக்கியத்தில் நிற்கிற மாதிரி காது நீட்டிக்கொண்டு நின்றது. ‘ஆனா’ என்று ஒன்று வர வேண்டும். தட்டு ஈரமாக இருக்கிறது, கரண்டி கோணல், ஏதாவது. வரவில்லை. திரைச்சீலை இடது பக்கம் இப்போதும் ஒரு விரல் ஏறித்தான் நிற்கிறது என்பதையும், அவள் அந்தப் பக்கம் பார்த்தே ஒரு மாதம் ஆகிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தார்.

தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டார். உப்பு. வாயில் வைக்க முடியாத உப்பு, நாக்கின் இரண்டு ஓரமும் எரிந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருக்குத் தெரிந்த முதல் ருசி.

"உப்பு ஜாஸ்தியா இருக்கே" என்றார்.

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு."

கரும்பலகைக்கு முன்னால் தான் சொன்ன முதல் பாடம் அவருக்கு ஞாபகம் வந்தது: குறையே சொல்லாத புகழ்ச்சி பொய். பயமாக இருந்தது, தாங்க முடியாத பயம். அப்பாவின் தலைமாட்டில் வராத அழுகை இப்போது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கடகடவென்று வந்துவிட்டது.

"ஒரு குறை சொல்லும்மா" என்றார். "சின்னதா. எதாவது ஒண்ணு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். புது மெஷின் நன்றாக வேலை செய்கிறது, அவர் சொன்னது அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

"ஒரு குறையும் இல்லீங்க" என்றாள். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள்.